அடுப்பண்டை ஓர் இடம்

ஹேசல்ஃபோல்டு
1612 அக்டோபர் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவின் உயிலைப் பாதிரியார் வாசித்துவிட்டார். கடைசி மகனுக்கே நிலம் என்பது இந்த ஊர் வழக்கம். வீடும் நிலமும் எனக்கு. ஆடுகளும் அப்பாவின் நல்ல கோட்டும் உனக்கு. மறுமணம் செய்யாதவரை அம்மாவுக்குக் கிழக்கு அறை, ஒரு பசுவுக்குப் புல், 'அடுப்பண்டை ஓர் இடம்'.

கேட்டதும் அம்மா சிரித்துவிட்டாள். "வீட்ட உனக்குக் குடுத்துட்டு அடுப்ப எனக்குக் குடுத்துட்டாரு. இப்ப யாருடா பணக்காரங்க?"

அடுத்த மாதம் எனக்கும் மார்ஜரிக்கும் திருமணம். வந்துவிடு.

தம்பி,
கில்பர்ட்

லூயிஸ் நகரம்
1612 நவம்பர் 20

அன்புத் தம்பி,

வர முடியவில்லை. சேணம் தைக்கும் வேலை குவிந்து கிடக்கிறது. மார்ஜரிக்கு என் வாழ்த்து. கோட்டு தோளில் தொங்குகிறது. அப்பா நம் இருவரையும்விடப் பெரியவர்தான்.

நிலத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. முழுக்க இல்லை என்று சொன்னால் பொய். அம்மாவைப் பற்றிய அந்த வரியை மட்டும் மறக்காதே.

ஆம்ப்ரோஸ்

ஹேசல்ஃபோல்டு
1613 பிப்ரவரி 9

அண்ணா,

ஒரு அடுப்பு, இரண்டு பெண்கள். மார்ஜரி உப்புப் போட்ட பிறகு அம்மா மூடியைத் திறந்து இன்னொரு பிடி போடுகிறாள்.

"இந்தக் கஞ்சிய உங்கம்மாவே குடிக்கட்டும்."

"நாக்குல தேனத் தடவிக்கிட்டுப் பொறந்தவ. அவளுக்கு எல்லாமே கரிக்கும்."

தினமும் இதுதான். யோசித்தேன். கிழக்கு அறையில் செங்கல்லால் புகைபோக்கி கட்டி, அம்மாவுக்கென்றே ஓர் அடுப்பு வைத்துக் கொடுத்துவிட்டேன். இந்த ஊரில் வேறு யாருக்கும் இரண்டு புகைபோக்கி கிடையாது. எந்த அடுப்பு என்று உயிலில் இல்லையே.

அம்மா சுள்ளி வைத்துப் பற்றவைத்தாள். "புகைய நல்லா இழுக்குது," என்றாள்.

இப்போது வீடு அமைதியாக இருக்கிறது.

கில்பர்ட்

லூயிஸ்
1613 மார்ச் 2

தம்பி,

அப்பா எழுதியது சூட்டைப் பற்றி அல்ல. அம்மாவைத் திரும்ப உள்ளே கூப்பிடு. மார்ஜரியை அனுப்பாதே, நீயே போ. உப்புச் சண்டை நடந்தால் நடக்கட்டும்.

ஆம்ப்ரோஸ்

ஹேசல்ஃபோல்டு
1613 ஜூன் 7

அண்ணா,

கூப்பிடவில்லை. இங்கே நான் பார்த்துக்கொள்ளும் உன் ஆடுகள் குட்டி போட்டன. பிறகு ரோமம் கத்தரிக்கும் வேலை. அது முடியட்டும் என்றிருந்தேன்.

நேற்று கோவிலில் பாதிரியார் திருமண அறிவிப்பு ஓலை வாசித்தார். அம்மாவுக்கும், குன்றின்மேல் தனியாக இருக்கும் மேய்ப்பர் ரால்ஃபுக்கும். கோவில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

வெளியே வந்து கேட்டேன். "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"எங்கடா சொல்றது? நீ என் ரூம் பக்கம் வந்தே எத்தன நாளாச்சு?"

"ரூம் போயிடும், பசுவோட புல்லு போயிடும். உயில்ல எழுதியிருக்கும்மா."

"தெரியும். ரால்ஃப் வீட்டுல புகைபோக்கியே இல்ல. கூரை ஓட்டை வழியாத்தான் புகை போவுது. கண்ணெல்லாம் எரியுது. ஆனா அந்த மனுஷன் பேசிக்கிட்டே இருக்காரு."

கோபமாகச் சொல்லவில்லை. என் சட்டையில் ஒட்டியிருந்த கம்பளி இழையை எடுத்துப் போட்டாள்.

உயில்படி இனி எல்லாம் எனக்குத்தான். கிழக்கு அறையில் கம்பளி மூட்டைகளை அடுக்கலாம் என்கிறாள் மார்ஜரி.

திருமண விருந்துக்கு அம்மா என்னையும் கூப்பிட்டிருக்கிறாள். ரால்ஃப் வீட்டில் எந்த மூலையில் உட்காருவேனோ, தெரியவில்லை. நீ வந்தால் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். வருவாயா?

உன் தம்பி,
கில்பர்ட்