அரிசிக் கணக்கின் உச்சியில் ஒரு 2

2003 ஜூன், செவ்வாய்.

சாலை பஜாரில் உள்ள கடை அனுப்பிய அரிசிக் கணக்கை எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் இன்றும் வாங்க மறுத்துவிட்டது. எக்ஸ்எம்எல்லில் சரக்கு, எடை, விலை எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி அனுப்பினால் எந்தக் கம்ப்யூட்டரும் படித்துவிடும் என்று அந்தக் கடையில் பீற்றிக்கொண்டவன் நான்தான். மேனேஜர் பார்த்த பார்வை சரியில்லை.

ஃபைலைத் திறந்தால் உச்சியில் ஒற்றையாக ஒரு 2. கடைக்குப் போன் போட்டேன்.

"பிள்ளையார் சுழி, தம்பி. கீபோர்டுல உ இல்ல. பழைய தமிழ் எண்ணுல உ-ன்னா ரெண்டுதான, அதான் ரெண்டு போட்டேன்" என்றார் கணக்கு எழுதும் அண்ணாச்சி.

"இது எக்ஸ்எம்எல்னு சொல்ற வரிதான் அண்ணாச்சி முதல்ல வரணும். பிள்ளையார் அடுத்தாப்ல வரட்டும்."

"பிள்ளையாருக்கு முன்னால நிக்க அது யாரு தம்பி?"

போனை வைத்துவிட்டு, அந்த 2-ஐத் தாண்டிப் படிக்கச் சொல்லி எங்கள் புரோகிராமிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று, அதை எழுதும் முன் பேப்பரில் ஒரு உ போட்டுக்கொண்டேன்.