வடம் பிடித்தவன்

அன்பு மகன் வசந்தகுமாருக்கு,

அம்மா கமலவல்லி எழுதிக்கொள்வது. நான் நலம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய். அதனால் எழுதி, பஹ்ரைனுக்குத் திரும்பும் பாசித் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். முழுசாகப் படித்துவிட்டுக் கத்து.

துரை பங்களா ஓட்டல் மேனேஜர் அரசப்பனை வெட்டாமல் விடமாட்டேன் என்றாயே, அந்தப் பேச்சு இனி வேண்டாம். கரைவலை இழுக்கும்போது அப்பா நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தார். பங்களா கேட்டைத் தாண்டினால் ரோட்டில் ஆம்புலன்ஸ் என்று தூக்கிக்கொண்டு ஓடினோம். உள்ளே மாநாடு நடக்குது, சுத்திப் போங்க என்று அந்தப் பாவி பூட்டைத் திறக்கவில்லை. மதிலைச் சுற்றி மணலில் ஓடும்போதே உயிர் போய்விட்டது. மறப்பேனா நான்?

போன வாரம் பங்களாவில் மறுபடியும் ஒரு பெரிய கம்பெனி மாநாடு. வந்தவர்களுக்குக் கோட்டையையும் அலை அரித்த சிவன் கோயிலையும் அரசப்பன் காட்டினான். வேன் வைத்துச் சுவாமிமலைக்குப் போய்ச் சிலை வார்ப்பதையும் காட்டினானாம். கடைசியில் நம் கரைவலை. போட்டோவுக்காக அவனே பேண்ட்டைச் சுருட்டிவிட்டு வடத்தைப் பிடித்து ஏலேலோ போட்டான்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மீனோடு வலையின் மடி கரையேறியதும் ஒரு பங்கு மீனை நானே அள்ளி அவன் கையில் கொடுத்தேன். பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டான்.

கடல் தாண்டிப் போனதில் நம் ஊர் வழக்கத்தை மறந்திருப்பாய். வடம் பிடித்துப் பங்கு வாங்கியவன் நம் வலைக்காரன். கூட இழுத்தவனுக்கு முன்னே செய்த துரோகத்துக்கும் ஊர்க்கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அன்றைக்கே பஞ்சாயத்தாரிடம் போய் நின்றேன். அவர்கள் ஆள் அனுப்பினார்கள். நான் என்ன உங்க ஊர்க்காரனா என்று சிரித்தானாம். விடிந்ததும் பங்களாவில் சமைக்க, கூட்டிப்பெருக்க, வேன் ஓட்ட ஒருத்தர் போகவில்லை. எல்லாரும் நம் ஊர்ப்பிள்ளைகள்தானே! காப்பிகூடக் கிடைக்காத விருந்தாளிகள் அவனை உலுக்கி எடுத்துவிட்டார்கள். மத்தியானம் ஊர் கூடியிருந்த மாரியம்மன் கோயில் வாசலில் வந்து கைகட்டி நின்றான்.

அபராதம் கட்டிடுறேம்மா என்றான். உன் காசு யாருக்குடா வேணும், அந்தக் கேட்டை உன் கையாலேயே கழட்டு என்றேன். வியர்த்துக் கொட்ட, வந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க, கழற்றினான். கண்குளிரப் பார்த்தேன். இப்போது தினமும் மீன்கூடையோடு அவன் தோட்டத்து நடுவில்தான் போகிறேன். என்னைக் கண்டால் உள்ளே ஓடுகிறான். அப்படியும் எனக்கு ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

உன் தங்கை கனகாவுக்கு மாதம் நெருங்கிவிட்டது. பிள்ளைப்பேற்றுக்கு நீ வந்துவிடு.

நீ கத்தியைத் தொடாதே, ராசா. உன்னையும் இழக்க என்னால் ஆகாது. ஊருக்கு வரும்போது பங்களா ரோட்டிலேயே இறங்கு. அந்த வாசல் வழியாக மெதுவாக நடந்து வா. உன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போக விடாத வழி அது. அவன் நின்று பார்க்கட்டும்.

மாரியம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள்.

உன் அம்மா,
கமலவல்லி