ஆறு வருஷம் தெற்கே தேடிய மகளுக்கு

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை கூசுகிறது. நீ சாப்பிட்டாயா தூங்கினாயா என்பது பதினொரு நாளாகப் போன் எடுக்காத உனக்குத்தான் தெரியும். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன் முந்நூறு பயணிகளோடு காணாமல் போன, நீ ஆராய்ச்சிக்காகத் தேடுகிற அந்த நீராவிக் கப்பலின் முன்பாதியை, கடலடியில் கேபிள் போட வந்தவர்கள் வடக்கே கண்டுபிடித்ததாக டிவியில் சொன்னதிலிருந்து இந்த வீட்டில் காபி உறிஞ்சும் சத்தம்கூட இல்லை. எதிர்வீட்டு டெய்லரம்மா துக்கம் விசாரிக்க வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே அரைக்கிலோ இறாலும் கேட்டு வாங்கிப் போனாள்.

கடைசியாகப் பேசியபோது நீ, "பரவால்லப்பா, உங்களுக்கு ஞாபகம் பிசகியிருக்கும்" என்றாய். கண்ணு, பிசகவில்லை. கப்பலின் பின்பாதி கிடக்கிற இடமும் வடக்கேதான், எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். ஒருநாள் என் வலை அடியில் மாட்டி, இழுத்தால் பித்தளை வளையம் போட்ட வட்ட ஜன்னல் ஒன்று வந்தது. கரைக்குக் கொண்டுவந்தால் எங்கே கிடைத்தது என்பார்களே, திரும்பக் கடலிலேயே போட்டுவிட்டேன். வலை மாட்டுகிற இடத்தைச் சுற்றித்தான் மீன் கூடும், அதனால் படகு ஓட்டுகிற எவனும் அந்த இடத்தைச் சொல்லமாட்டான். உன் மாமா கேட்டால் கிழக்கு என்பேன், அம்மா கேட்டால் மேற்கு என்பேன். மேற்கே ரோடுதான் இருக்கிறது, அவளும் தலையாட்டுவாள். ஆறு வருஷத்துக்கு முன் நீ வரைபடத்தை விரித்து, "அப்பா, உங்க வலை எங்க மாட்டும்?" என்று கேட்டாய். என் விரல் தானாகத் தெற்கே போய் நின்றது. மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் நீ கிளம்பிவிட்டாய், அந்த இடத்தை வைத்துக் கட்டுரை எழுதினாய், கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றியும் போட்டாய். அச்சில் என் பெயரைப் பார்த்ததும் இந்தக் கோழைக்கு வாய் அடைத்துப்போனது, ஊரெல்லாம் காட்டிவேறு வந்தேன்.

போன வாரம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. "மீனுக்காகச் சொல்ற பொய்ய பெத்த பொண்ணுகிட்டயுமா சொல்லுவீங்க?" என்றாள், அவ்வளவுதான்.

கேபிள்காரர்களுக்கு இன்னும் பின்பாதி கிடைக்கவில்லையாம். உன் பேராசிரியர் ஆராய்ச்சியை முடிக்க அடுத்த மாதக் கடைசிவரைதான் உனக்குக் கெடு வைத்திருக்கிறார். என் கையெழுத்தை இனி நீ நம்பமாட்டாய் என்று ஞாயிற்றுக்கிழமை அம்மாவையே படகில் ஏற்றிக் கூட்டிப்போனேன். அந்தப் பக்கம் போயே சில வருஷமாகிறது, நான் கரையில் அடையாளம் வைத்திருந்த மில் புகைபோக்கியை எப்போதோ இடித்துவிட்டார்கள், நாலு மணி நேரம் பைத்தியம் மாதிரிச் சுற்றினேன். அம்மா வாந்தி எடுத்தபடியே, இன்னும் கொஞ்சம் போங்க என்றாள். வேண்டுமென்றே வலையை இறக்கினேன். மாட்டியது, கிழிந்தது. வலை கிழிந்து நான் அழுததுண்டு, நிம்மதியில் அழுதது இதுதான் முதல் தடவை. ஜிபிஎஸ் எண்ணை அம்மாவே பார்த்து எழுதினாள், இந்தக் கடிதத்தோடு தனித்தாளில் வைத்திருக்கிறேன். விஷயம் தெரிந்தால் அங்கே யாரையும் வலை போட விடமாட்டார்கள், அதற்காக உன் மாமா இப்போதே முகம் கொடுப்பதில்லை, போகட்டும்.

முதலில் எண்ணைப் பேராசிரியரிடம் காட்டு, என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள். படிப்பை மட்டும் விட்டுவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். எப்போதாவது போனை எடு, பேச வேண்டாம், நீ மூச்சு விடுவது கேட்டால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா

எண் சரிதான். மூணு தடவை பார்த்து எழுதினேன். – அம்மா