வாலுள்ளவர்கள் மட்டும்

1976 மார்ச் 4, வியாழன். சித்தூர்.

மூன்றாம் வகுப்பு விடைத்தாள் நாற்பத்திரண்டு. முப்பது பேருக்குப் பள்ளியும் பல்லியும் ஒன்றுதான். "நான் தினமும் பல்லிக்குப் போகிறேன்." போ, போய்ச் சுவரில் ஒட்டிக்கொள் என்று எழுதத் தோன்றியது. சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

விடிகாலையில் பாலுக்காக வாசலுக்கு வந்தால் கிழக்கே வால்நட்சத்திரம். இவரை எழுப்பினேன். "தூமகேதுவையெல்லாம் பாக்கப்படாது, உள்ள வா" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். தாலுக்கா ஆபீசில் எதற்கெடுத்தாலும் சர்க்குலர் கேட்கிற மனுஷன், இதற்கு மட்டும் சாஸ்திரம்.

நான் நின்று பார்த்தேன். ஐம்பத்தேழில் மலைமேல் சித்திரபுரத்தில் இப்படி ஒன்றைப் பார்த்தோம், நானும் பாஸ்கலும் முத்துப்பேச்சியும். எனக்குப் பதினொரு வயது, அவனுக்குப் பத்து, அவளுக்கு ஒன்பது. அப்பாவுக்கு எலக்ட்ரிசிட்டி போர்டில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. பாஸ்கலின் அப்பா தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். முத்துப்பேச்சியின் அம்மா கொழுந்து பறிக்கிறவள். அது நட்சத்திரமே இல்லை, கப்பல், அதில் வால் உள்ளவர்கள் மட்டும்தான் ஏறலாம் என்று நான் அடித்துச் சொன்னேன். எங்கே கண்டேன்? வாய்க்கு வந்தது, சொன்னேன். அந்த இரண்டு பேரும் நம்பினார்கள் பார், அதுதான் ஆச்சரியம்.

மார்ச் 7, ஞாயிறு.

அந்த விளையாட்டு மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ரசத்தில் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

பவர் ஹவுஸுக்குத் தண்ணீர் இறக்குகிற ராட்சதக் குழாயில் மிச்சமான ஒரு துண்டு, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் புல்லில் கிடந்தது. மூன்று பேர் உள்ளே நிமிர்ந்து உட்காரலாம். அதுதான் கப்பல். நான் நீர்நாய், கேப்டன். பாஸ்கல் மலையணில், ஓட்டுகிறவன். முத்துப்பேச்சி கருங்குரங்கு, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவள். பழைய தாம்புக் கயிற்றை வெட்டி ஆளுக்கொரு வால். வால் இல்லாமல் வந்தால் உள்ளே விடமாட்டோம். பெரியவர்கள் எல்லோரும் வாலில்லாதவர்கள், எதிரிகள்.

ஒருவர் கதை சொல்ல வேண்டும். கிரகத்தில் இறங்கியாச்சு, புகை நீலமாக இருக்கு, கதவுக்கு வெளியே யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று. மற்ற இரண்டு பேரும் தங்கள் மிருகம் என்ன செய்யும் என்று சொல்லி, ஒரு பக்கம் தேய்த்த நாலு புளியங்கொட்டையை உருட்ட வேண்டும். வெள்ளை நிறைய விழுந்தால் நினைத்தது நடக்கும். நாலும் கறுப்பென்றால் ஆபத்து. பாஸ்கலின் அணில் மூன்று தரம் செத்தது. ஒவ்வொரு தரமும் நிஜமாகவே அழுதான். அடுத்த நாள் அந்த அணிலின் தம்பி என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்பான், அதே கயிற்று வாலோடு. முத்துப்பேச்சி எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் முதலில் அங்கே பீர்க்கங்காய் விளையுமா என்று கேட்பாள்.

நடந்ததை எல்லாம் கப்பல் நோட்டில் எழுதுவது நான். நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழ் எழுத்து வீட்டில் கற்றுக்கொண்டது. ள போட்டால்தான் எழுத்துக்கு ஒரு கம்பீரம் என்று ஒரு நினைப்பு. வால் என்று வரும் இடமெல்லாம் 'வாள்'. பாஸ்கல் படித்துப் பார்த்துவிட்டு, "ஏ ராமு, நீ எழுதியிருக்கது வெட்டுற வாளுல்லா" என்றான். கேப்டன் எழுதினால் அதுதான் சரி என்றேன். சரி கேப்டன் என்று விட்டுவிட்டான். கடைசிப் பக்கம் வரை வாள்தான்.

அப்புறம் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. நோட்டு பாஸ்கலிடம் இருந்தது. இன்று தமிழ் வாத்தியாராகி ல-வுக்கும் ள-வுக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அவனிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். கடுதாசி போட வேண்டும்.

மார்ச் 14, ஞாயிறு.

எழுதித்தான் ஆக வேண்டும்.

முத்துப்பேச்சி வந்தாள். உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி, இரண்டு நாள் அன்ன ஆகாரம் இல்லாத முகம். பாஸ்கலைத்தான் கட்டிக்கொண்டாள், அது தெரியும். பாஸ்கலைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்ப் பதினொரு நாள் ஆகிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பஜாரில் யாரோ சர்க்காரைத் திட்டி நோட்டீஸ் ஒட்டினார்களாம். ஃபாக்டரி யூனியனில் பேசுகிறவன் என்று இவன் வீட்டைச் சோதனை போட்டிருக்கிறார்கள். நோட்டீஸ் ஒன்றும் கிடைக்கவில்லை. தகரப் பெட்டியில் கப்பல் நோட்டு கிடைத்தது.

"பெட்டியில பத்திரமா வச்சிருந்தாக டீச்சர். பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுவாக" என்றாள். என்னை டீச்சர் என்கிறாள். "அதுல வாள் இருக்கவுக மட்டும் வரணும்னு இருக்காம். வாள் இல்லாதவுக எதிரியாம். குழாயைத் திறந்தா கீழ உள்ளதெல்லாம் அழியும்னு இருக்காம். பவர் ஹவுஸ் குழாயை உடைக்கப் போறியாலேன்னு கேட்டு அடிக்காக."

குழாயைத் திறந்தால் என்று எழுதியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மழை நாள். நாலும் கறுப்பு விழுந்தது.

"விளையாட்டுன்னு இவுக சொல்லித்தான் பார்த்தாக. அப்ப எழுதினது யாரு, நீர்நாய் யாருன்னு கேக்காக. அதை மட்டும் இவுக சொல்ல மாட்டேங்காக."

மார்ச் 15, திங்கள்.

நீர்நாய் நான்தான். எழுதினது நான்தான்.

மார்ச் 17, புதன்.

முத்துப்பேச்சியை நேற்றுக் காலை பஸ் ஏற்றினேன். வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ராத்திரி இவரிடம் சொன்னேன்.

"நீ போய் நான்தான் நீர்நாய்னு சொன்னா, அவா நாற்காலி போட்டு உக்காத்தி வைப்பான்னு நெனச்சுண்டயா? உன்னையும் உள்ள வச்சுப்பா. என் வேலையும் போகும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். அதனால்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை. பிறகு, "உன் வேலையை ஸ்திரப்படுத்தற ஆர்டர் அடுத்த மாசம் வந்துடும். அதுவரைக்கும் பொறு. அதுக்குள்ள அவனையே விட்டாலும் விடுவா" என்றார்.

விட்டாலும் விடுவார்கள். விடலாம். எத்தனை பேரை விட்டிருக்கிறார்கள்?

மார்ச் 26.

விடவில்லை.

ஏப்ரல் 9, வெள்ளி.

ஆர்டர் வந்தது. ஹெட்மாஸ்டர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். நானும் தின்றேன்.

விஷு கழிந்ததும் போகிறேன். ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான் போகிறேன் என்பதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 21, புதன்.

நேற்று அவர்கள் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இவரிடம் சொல்லாமல்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். என்னிடம் சாயா வேண்டுமா என்று கேட்டார். மலையாளத்தில் பேசினோம். அந்த நோட்டை எழுதியது நான், சின்ன வயதில், என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். முதலில் எழுதுங்கள், அப்புறம் பேசலாம் என்றார். ஒரு தாளும் பேனாவும் வந்தன. தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் நோட்டைப் பிரித்து வாசித்தார், நான் எழுதினேன். அவர் வாயில் ல-வும் ள-வும் ஒன்றுதான். தினமும் பிள்ளைகளுக்குச் சொல்லிப் போட்டு, சொல்லிப் போட்டு, கை தானாக ஓடியது. ஐந்து வரி.

எழுதி முடித்துத் தாளைத் திருப்பி வைக்கும்போதுதான் பார்த்தேன். "வால் உள்ளவர்கள் மட்டும் கப்பலில் ஏறலாம்." ஒரு பிழை கிடையாது. அழகான வாத்தியார் எழுத்து.

பாவி. பாவி. அங்கேயாவது ஒரு தப்புப் பண்ணியிருக்கக்கூடாதா?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கான்ஸ்டபிள், "இது வேற எழுத்து சார், இதுல வாளே இல்ல" என்றார். நான் சொன்னேன், எனக்கு அப்போது எழுத்து சரியாகத் தெரியாது, வால் என்பதைத்தான் வாள் என்று எழுதினேன், தாளைக் கொடுங்கள், அன்றைக்கு எழுதினது போலவே எழுதிக் காட்டுகிறேன் என்று. இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "தமிழ் டீச்சருக்கு வாலும் வாளும் தெரியாதா? இனி எழுதினால் காரியம் இல்லை" என்றார். அப்புறம் சிரிப்பு நின்றது. "டீச்சரை அனுப்பினது யார்? கணவர் சித்தூர் தாலுக்கா ஆபீசில்தானே?"

நான் எங்கேயும் இவர் பெயரைச் சொல்லவில்லை.

அதோடு நான் விட்டுவிட்டேன். இதை எப்படி எழுதினாலும் இதுதான். இன்னும் பேசியிருக்கலாம். மேஜையைத் தட்டியிருக்கலாம். நான் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, வரேன் சார் என்றேன். பாஸ்கலைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு இங்கே இல்லை என்றார். எங்கே என்று கேட்கவில்லை.

முத்துப்பேச்சி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். "சொல்லிட்டீகளா டீச்சர்?" என்றாள். சொன்னேன், நம்பவில்லை என்றேன். தலையை ஆட்டினாள். பஸ் வரும்வரை என் பக்கத்திலேயே நின்றாள்.

ஜூலை 3.

முத்துப்பேச்சிக்கு மூன்று கடுதாசி போட்டேன். பதில் இல்லை. ஒருவேளை உடைத்துப் படிக்கிறார்களோ என்று நாலாவதைப் போடவில்லை.

அக்டோபர் 18.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் 'வாழைப்பழம்' என்பதற்கு 'வாலைப்பலம்' என்று எழுதியிருந்தாள். அடித்துவிட்டேன். நான் அடிக்கிற டீச்சர் இல்லை.

1977 மார்ச் 27, ஞாயிறு.

அவசரநிலை போயிற்று, ஊரெல்லாம் பட்டாசு. நேற்று முத்துப்பேச்சியிடமிருந்து ஒரு கார்டு வந்தது, யாரிடமோ சொல்லி எழுதியது. "அவர்களை விட்டுவிட்டார்கள். வீட்டில் இருக்கிறார்கள்."

இவரே பெட்டியை எடுத்துக் கொடுத்தார். "போயிட்டு வா" என்றார்.

ஏப்ரல் 3, ஞாயிறு. சித்திரபுரம்.

பாஸ்கலுக்கு முப்பது வயது. ஐம்பது சொல்லலாம். குச்சியை ஊன்றித்தான் நடக்கிறான், பாதம் தரையில் முழுசாகப் பதியவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். உட்காரு பாஸ்கல், நான் ராமு என்றேன். "ஆமாங்க" என்றான். முத்துப்பேச்சி சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான்.

என்னால் வந்தது என்றேன். "ஆமாங்க." என்னை ஏன் காட்டிக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "ஆமாங்க" என்றான் அதற்கும். முத்துப்பேச்சி அடுப்படியிலிருந்து, "எதைக் கேட்டாலும் இதுதான் சொல்லுதாக. மனசுல வச்சுக்கிடாதீக" என்றாள்.

ஃபாக்டரி ஆட்கள் சொன்னதாக அந்தக் கார்டின் அடியில் இருந்தது, அவன் வேலையைத் திரும்பக் கேட்டு மேனேஜருக்கு ஒரு மனு கொடுத்தால் பார்ப்பார் என்று. எழுதத்தான் தாள் கொண்டு போயிருந்தேன். இதையாவது ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று நினைத்தேன். பலகை மேல் தாளை வைத்து, பேனாவைத் திறந்து, என்ன தேதியில் வேலைக்குச் சேர்ந்தாய் என்று கேட்க வாயெடுத்தேன்.

அவன் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டான். வெள்ளைத் தாளின் அடியில், வலது மூலையில், ஸ்டேஷனில் போட்டுப் போட்டுப் பழகினவன்போல், அளந்து கையெழுத்துப் போட்டான். தாளை என் பக்கம் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

மனுவை வேறு தாளில் எழுதினேன். அவனுக்குப் பதில் முத்துப்பேச்சி ரேகை வைத்தாள். அந்த வெள்ளைத் தாள் இந்த நோட்டுக்குள் இருக்கிறது.