நாலரை மணி வரை இங்கேதான் இருந்தான்

ஜூன் 12, செவ்வாய்

என் அருமைக் கமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நீ எழுதமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஊரார் பிழைகளையெல்லாம் உட்கார்ந்து பொறுக்குகிறவளுக்கு, பள்ளித் தோழிக்கு நாலு வரி எழுதக் கை வராது. மூன்று மாதமாயிற்று. கோபம் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு அதற்கு நேரமில்லை.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் தம்பி. இப்போது மணி நாலரை. இந்த நிமிஷம்தான் படியிறங்கிப் போனான். என் வாஷிங் மெஷின் ஒரு வாரமாக வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு துப்பமாட்டேன் என்று அடம்பிடித்தது. லிஃப்ட் மெக்கானிக்கிடம் இதைச் சொல்லலாமா என்று தயங்கித்தான் போன் செய்தேன். "லிஃப்ட் மேல கீழ போகுது, இது சுத்துது. அவ்வளவுதானேக்கா" என்றான். இன்றைக்கு விடுமுறையாம், இரண்டு மணிக்கே வந்துவிட்டான். அடிப்பக்கத்தைக் கழற்றி, உள்ளேயிருந்து என்ன எடுத்தான் தெரியுமா? என் மாமியார் ஒரு மாதமாகத் தேடிய ஒற்றைத் தோடு! அதற்காக வீடு பெருக்க வந்த அம்மாளைச் சந்தேகப்பட்டு வேலையை விட்டே நிறுத்தியிருந்தார். இப்போது மாமியார் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். வந்ததும் சொன்னால் ஒப்புக்கொள்ளவா போகிறார்? வீடு இரண்டாகும். பேசாமல் அவர் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டேன்.

உன் தம்பிக்குச் சாப்பாடு போட்டேன், இரண்டு முறை டீ போட்டேன். பெண் பார்க்கச் சொல்லி அக்காவிடம் சிபாரிசு செய்யவேண்டுமாம். செய்துவிட்டேன்.

என் ஏழு கதைகளும் உன் அச்சகத்துக்கு இந்நேரம் வந்திருக்கும். சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் இரக்கத்தோடு பிடி.

உன்,
வாயாடி


ஜூன் 18

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கோபம் நியாயமானது. பாடப்புத்தக வேலை கழுத்தை நெரிக்கிறது. இரண்டு கண்ணும் போதவில்லை.

கதைகளைப் படித்துவிட்டேன். யானைக் கதையில் அறையில் தனியாக இருந்து சிரித்தேன், பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒன்று மட்டும் கேட்கவேண்டும். இது மெய்ப்புத் திருத்துகிறவள் கேட்பதல்ல. ஏழு கதைகளில் மூன்றில் திருடன் வருகிறான். மூன்று பேரும் கறுப்பு. ஒருவன் 'கரிய முகத்தான்', ஒருவன் 'தார் நிறத்தவன்', மூன்றாமவனுக்கு 'இருட்டே சட்டை போட்டு வந்ததுபோல்'. ராஜகுமாரிகள் ஒருத்திகூட என் நிறத்தில் இல்லை. அது போகட்டும், அது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் நம் வகுப்பில் எங்கள் இனத்துப் பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர் இருந்தோமே, நினைவிருக்கிறதா? கதைநேரத்தில் திருடன் வந்ததும் நாற்பது தலையும் எங்கள் பக்கம் திரும்பும். நீ மட்டும் திரும்பமாட்டாய். அதனால்தான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

அந்தச் சொற்களை எடுத்தால் கதைக்கு ஒன்றும் குறையாது. யோசித்துச் சொல்.

ஜூன் 20

மேலே எழுதியதை நேற்று அனுப்பியிருக்கவேண்டும். அதற்குள் போன் வந்தது. தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மூதாட்டியைப் படிக்கட்டில் தள்ளிவிட்டுக் கைப்பையைப் பிடுங்கியிருக்கிறார்கள். இடுப்பெலும்பு உடைந்து மருத்துவமனையில் கிடக்கிறாராம், பாவம். பின்னாலிருந்து தள்ளியவனைப் பற்றி அவர் சொன்னது இரண்டே விஷயம்: கறுத்த ஆள், கையில் கருவிப் பெட்டி. மறுவாரம் பஸ் நிறுத்தத்தில் தம்பி பெட்டியோடு நின்றிருக்கிறான். போதாதா?

அடையாளம் காட்ட அவர் கட்டிலுக்கு முன்னாலேயே ஆறு பேரை நிறுத்தினார்களாம். எங்கள் நிறத்தில் இரண்டே பேர். மற்றவருக்கு வயது ஐம்பது. அந்த அம்மாள் தம்பியைக் காட்டிவிட்டார்.

வாயாடி, நடந்தது ஜூன் 12, செவ்வாய், மாலை நாலு மணிக்கு. நாலு மணிக்கு அவன் உன் வீட்டில் வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். உன் கடிதத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். கடவுளாகப் பார்த்து உன்னை அன்றைக்கு எழுத வைத்திருக்கிறார்.

உன்,
கமா


ஜூன் 24

என் கமாவுக்கு,

படித்ததும் கைகால் ஓடவில்லை. உன் தம்பியா? ஒரு கரப்பான் பூச்சியை அடிக்கக்கூட யோசிப்பவன். நீ தைரியமாக இரு. நான் வந்து சொல்கிறேன், நாலரை மணி வரை இங்கேதான் இருந்தான் என்று. ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம்.

இவர் மட்டும் கொஞ்சம் முகம் சுளித்தார். நான் தனியாக இருக்கும்போது ஓர் ஆண்பிள்ளை வந்து போனது தனக்குத் தெரியாதே என்றார். "உன் தோழியின் தம்பி என்பதெல்லாம் சரி, அவர்களை வீட்டுக்குள் விடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். 'அவர்களை' என்று சொன்னது எனக்கே சுருக்கென்றது. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்னவோ, உன்னிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை.

கதைகளைப் பற்றி எழுதியிருந்தாய். உண்மையாகவே எனக்குத் தோன்றவேயில்லை. உன்னை நினைத்து நான் அப்படி எழுதுவேனா? திருடன் என்றால் கை தானாக அப்படி எழுதிவிடுகிறது. கொஞ்சம் மனசு வருத்தம்தான். இந்தச் சமயத்தில் அது எதற்கு.

உன்,
வாயாடி


ஜூலை 9

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்த அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை சிறைக்குப் போய் அவனைப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். இரண்டு பக்கமும் முப்பது பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், யார் பேச்சு யாருக்கென்று தெரியவில்லை. சுற்றிப் பார்த்தேன். வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் ஆட்கள். இந்தப் பக்கம் சீருடையில் இருப்பவர்களில் ஒருவர்கூட இல்லை. இந்த நாட்டில் பத்துக்கு ஒருவர்தான் நாங்கள். இங்கே மட்டும் எப்படி இவ்வளவு பேர் சேர்ந்துவிட்டோம் என்று தெரியவில்லை.

மெலிந்திருக்கிறான். வலைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அந்த அக்கா சொல்லிடுவாங்கல்ல?"

"சொல்லிடுவாடா" என்றேன்.

அதற்குப் பிறகு சிரித்தான். உன் மெஷின் இப்போது ஒழுங்காகத் தண்ணீர் விடுகிறதா என்று கேட்கச் சொன்னான்.

அரசாங்கம் கொடுத்த வக்கீல் நல்லவர்போலத்தான் தெரிகிறார். கையில் அறுபது வழக்கு. தம்பியின் பேரை ஒவ்வொரு தடவையும் காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார். உன் கடிதத்தைக் காட்டினேன், நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது இருந்தா போதும். எழுதினவங்க வந்து ஆமான்னு சொல்லணும், அவ்வளவுதான்" என்றார். கடிதத்தை நீதிமன்றத்தில் கொடுக்கப்போகிறோம். உனக்கு அழைப்பு வரும்.

உன்,
கமா


ஜூலை 21

என் கமாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். கடிதத்தைக் கொடுத்துவிடாதே.

வருகிறேன் என்றுதான் சொன்னேன், வருவேன். ஆனால் கடிதம் வேண்டாம். அதில் மாமியாரின் தோட்டைப் பற்றி எழுதியிருக்கிறேனே. அதை வக்கீல்கள் உரக்கப் படித்தால் நான் எப்படி இந்த வீட்டில் இருப்பது? அந்த வேலைக்கார அம்மாள் வேறு இப்போது எதிர்வீட்டில் வேலை செய்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. விழுந்த அந்த அம்மாள் இவருடைய மேலதிகாரிக்குச் சொந்த அத்தையாம். எனக்கு இப்போதுதான் தெரியும். அலுவலகத்தில் யாரோ கேட்டார்களாம், "உங்க வீட்டு ஆள்தான் அவனுக்குச் சாட்சியாமே?" இவர் மூன்று நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. எங்கள் அடுக்குமாடிக் கட்டடச் சங்கக் கூட்டத்தில் வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்று புதிதாகத் தீர்மானம் போட்டார்கள். போடும்போது எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எவ்வளவு அவமானமாக இருந்தது தெரியுமா?

உனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். என் இடத்தில் இருந்து பார்.

வாயாடி


நவம்பர் 16

வாயாடிக்கு,

நேற்று சாட்சி சொல்லி முடித்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டாய். என் சாட்சியும் முடிந்தபின் வராந்தாவில் உனக்காகக் காத்திருந்தேன். நீ பார்க்காததை எழுதுகிறேன்.

நீ வேண்டாமென்று எழுதியும் நான் கொடுத்த அந்தக் கடிதத்தை, எதிர்த்தரப்பு அரசு வக்கீல் இரண்டு விரலால் பிடித்தபடி கேட்டாரே, "ஒரே நாள்லதான் எழுதினீங்களா?" என்று, அப்போதுகூட எனக்குப் பயமில்லை. நீ கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாய்: "சில சமயம் இன்னைக்குத் தேதி போட்டு ஆரம்பிச்சு, ரெண்டு நாள் கழிச்சு முடிக்கிறது உண்டு."

அப்படி எழுதுவது நான். ஜூன் மாதம் நான் எழுதிய கடிதத்தைப் பார்த்துத்தான் உனக்கு அது தோன்றியிருக்கவேண்டும். நீ உட்கார்ந்தால் ஒரே மூச்சில் எழுதுகிறவள். இருபது வருஷக் கடிதங்கள் என் அலமாரியில் இருக்கின்றன, ஒன்றில்கூட இரண்டு தேதி இல்லை.

"அவர் கிளம்பினப்போ மணி என்ன?" என்று கேட்டார்.

"மூணா, நாலான்னு சரியா ஞாபகம் இல்லீங்க."

அதைச் சொல்லும்போது நீ தம்பியைப் பார்க்கவில்லை. அவன் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உன்மேல் கோபம் இல்லை அவன் முகத்தில். நீ எதையோ மறந்துவிட்டாய், இதோ நினைவு வந்துவிடும் என்று காத்திருப்பதுபோல் இருந்தது.

பிறகு நான் கூண்டில் ஏறினேன். கையெழுத்தைப் பற்றி, உன் பழக்கத்தைப் பற்றிச் சொன்னேன். "கூடப் பிறந்தவங்க வேற எப்படிச் சொல்வாங்க" என்றார் அரசு வக்கீல். நீதிபதி குறித்துக்கொள்ளக்கூட இல்லை. நான் எந்தத் தெருவில் குடியிருக்கிறேன் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். ஆற்றுக்கு அந்தப் பக்கமா என்றார். ஆமாம், எங்கள் ஆட்கள் எல்லோரும் அங்கேதான் என்றேன். அதைக் குறித்துக்கொண்டார்.

இன்று தீர்ப்பு. ஆறு வருஷம். தீர்ப்பில் உன்னைப் பற்றி ஒரு வரி வருகிறது: 'மதிப்புமிக்க குடும்பத்தைச் சேர்ந்த, குற்றம் சாட்டப்பட்டவருக்கு வேண்டியவரான சாட்சியாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.' ஞாபகமில்லை என்று நீ சொன்னது, அவன்தான் செய்தான் என்று அந்த அம்மாள் சொன்னதைவிடப் பலமாக விழுந்துவிட்டது.

அழைத்துப் போகும்போது என்னிடம் ஏதாவது சொல்வான் என்று கதவருகே நின்றேன். "நீ வீட்டுக்குப் போக்கா, மழை வருது" என்றான்.

கமா


பிப்ரவரி 3

என் அன்புக் கமாவுக்கு,

இரண்டு மாதத்தில் நாலு கடிதம் கிழித்துப் போட்டேன். இதையாவது அனுப்பவேண்டும்.

நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஞாபகமில்லை என்பது பொய்யாகுமா என்று. ஆகும். கூண்டில் ஏறும்போது சொல்லத்தான் ஏறினேன், சத்தியமாக. கீழே முன்வரிசையில் இவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அந்த மேலதிகாரி. வாய் தானாக வேறு ஏதோ பேசிவிட்டது.

வீட்டில் ஒருவரும் இப்போது என்னைக் குறை சொல்வதில்லை. எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். அதுதான் தாங்கமுடியவில்லை.

கதைப் புத்தகம் வந்துவிட்டது. மூன்று கதையிலும் நீ சொன்ன சொற்களை எடுத்துவிட்டேன். உனக்காகத்தான் எடுத்தேன். ஒரு பிரதி இத்துடன் வருகிறது. நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். எழுதும்போதே இது எவ்வளவு அற்பமாகத் தெரிகிறது.

முக்கியமானதைச் சொல்கிறேன். மேல்முறையீடு செய்திருப்பீர்கள். இவருக்கு ஏப்ரலில் வேறு ஊருக்கு மாற்றல் வருகிறது. போய்விட்டால் இந்த மேலதிகாரி, இந்தக் கட்டடம், ஒன்றும் இருக்காது. அப்போது வந்து சொல்கிறேன், கமா. நாலரை மணி வரை இங்கேதான் இருந்தான் என்று, யார் முன்னால் வேண்டுமானாலும். கையெழுத்துப் போட்டும் தருகிறேன். ஏப்ரல் வரை மட்டும் பொறுத்துக்கொள்.

என்னிடம் பேசு. திட்டியாவது ஒரு வரி எழுது.

என்றும் உன்,
வாயாடி


மார்ச் 1

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் புத்தகமும் கிடைத்தன. நன்றி.

மேல்முறையீடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனு போட்டிருந்தோம். ஜனவரியில் சிறையில் ஒரு சண்டை நடந்தது. என் தம்பி அதில் இல்லை, பக்கத்தில் நின்றிருந்தான். இடது காது இப்போது கேட்பதில்லை. வலைக்கு அந்தப் பக்கமிருந்து நான் சொல்வதைக் கேட்க முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்கிறான்.

அதற்குப் பிறகு வக்கீல் வந்து ஒரு வழி சொன்னார். மேல்முறையீட்டை விட்டுவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, வருந்துவதாக எழுதிக் கொடுத்தால் இரண்டு வருஷம் குறைப்பார்களாம். கூட்டம் குறைந்த வேறு சிறைக்கும் மாற்றுவார்களாம். செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறவனுக்கு எந்தச் சலுகையும் கிடையாது, மனம் திருந்தாதவன் என்று கணக்கு. வேண்டாமென்று நான் சொல்லியிருக்கவேண்டும். அந்தக் காதைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் கடிதம் வந்து சேர்வதற்கு முன்பே, சென்ற மாதம் பத்தாம் தேதி கையெழுத்துப் போட்டுவிட்டான். எப்படித் தள்ளினான், பையை எங்கே வீசினான் என்று விவரமாக எழுதவேண்டுமாம். அவனுக்கு எதுவும் தெரியாதே, அதனால் குற்றப்பத்திரிகையைப் பார்த்து எழுதினான். மொழி சரியாக இருக்கவேண்டும் என்று என்னிடம் காட்டினார்கள். இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

எனவே ஏப்ரலில் நீங்கள் சிரமப்பட்டு வரவேண்டாம். நீங்கள் சொல்லவந்ததைக் கேட்க இனி எந்த இடமும் இல்லை. அன்றைக்கு அவன் எங்கே இருந்தான் என்பதை அவனே எழுதிக் கொடுத்துவிட்டான்.

மாற்றலாகிப் போகும் ஊரின் முகவரியை எனக்கு அனுப்பவேண்டிய அவசியமில்லை.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துநர்