பிலோமினாவின் கதிரை

1958 மார்கழி 3, புதன்

வெள்ளைக்காரக் கடற்படை போனதோடு துறைமுகத்தில் வேலையிழந்த குடும்பங்களுக்கு அவசர உதவி கொடுக்கவென்று கோயில் சங்கத்தார் வீடுவீடாய்ப் பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். நிற்கவைத்துக் கதைப்பது மரியாதையில்லை என்று பக்கத்து வீட்டுப் பிலோமினாவிடம் கதிரை இரவல் வாங்கிப் போட்டிருந்தேன். செயலாளர் அதில் சாய்ந்திருந்து என் தேத்தண்ணியையும் குடித்துவிட்டு, "உங்களுக்கென்ன குறை? கதிரையும் கிடக்குது. இல்லாத சனத்துக்குத்தான் குடுக்க ஏலும்" என்றார். இரவல் என்று சொல்ல வெட்கம் விடவில்லை. நாசமாய்ப் போவார்.

அடுத்து பிலோமினா வீடு. அவள் புருசனுக்கும் வேலையில்லைதான். இருக்க ஒரு கதிரைகூட இல்லை என்று இரங்கி, அவளுக்கு உதவி தருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

பின்னேரம் வேலிக்கு மேலால் சொல்கிறாள்: "நாளைக்குக் காசோட வருவினமாம். கதிரை அங்கேயே கிடக்கட்டும் அக்கா."

இருட்டினதும் அதைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் வாசலில், ரோட்டைப் பார்க்க வைத்துவிட்டு வந்தேன். செயலாளர் வந்து அதில் இருக்கட்டும்.