பலகையில் நான்காவது படம்

மார்ச் 4, செவ்வாய்

அடுத்த ஆண்டு பட்ஜெட்டோடு மல்லுக்கட்டியதில் பகல் போயிற்று. அரசின் புதிய விதிகள் வந்தபின் எங்கள் இருபது படுக்கை ஆஸ்பத்திரிக்கு இது முதல் பட்ஜெட். தீப்பிடித்தால் இறங்க வெளிப்படிக்கட்டு, கழிவுக்குத் தனி அறை, ஐந்து படுக்கைக்கு ஒரு நர்ஸ். எல்லாமே நியாயமான விதிகள்தான். படிக்கும்போது தலையாட்டத் தோன்றுகிறது, கூட்டிப் பார்க்கும்போது தலை சுற்றுகிறது. ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர் தனக்கென்று சம்பளம் எடுத்தே மாதக்கணக்காகிறது.

நான்கு நர்ஸ் வேண்டும். இருப்பது மூன்று பேர். நான்காவது ஆள் பெரிய சிஸ்டர். ஜனவரியில் இறந்துவிட்டார்.

ஆனால் வாசல் பலகையில் இருக்கிறார். இன்று வேலையில் இருக்கும் நர்ஸ்களின் படம் வாசலில் தெரிய வேண்டும் என்பதும் புது விதி. காலையில் முதலில் வருகிறவள் கணக்கு பார்க்கும் நான்தான் என்பதால், படங்களைச் செருகுவது என் வேலை. மாலை ஆறுக்குப் பகல் ஷிப்ட் முடிந்ததும் எடுத்துவிடுவேன். "புது ஆள் கிடைக்கிற வரைக்கும் அவங்க படமும் இருக்கட்டும் மேடம். எண்ணிக்கை குறைஞ்சா அஞ்சு படுக்கையை மூடச் சொல்வாங்க. மூடினா மத்தவங்களுக்குச் சம்பளமே போட முடியாது" என்றார் டாக்டர்.

புது ஆளுக்கு பட்ஜெட்டில் இடமில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மார்ச் 6, வியாழன்

மறுபடியும் கதவில் இரண்டு தட்டு.

டீ குடிக்கக் கூப்பிடும்போது பெரிய சிஸ்டர் என் அறைக் கண்ணாடியை மோதிரத்தால் இப்படித்தான் தட்டுவார். "கணக்குப் புலியே, கூண்டை விட்டு வெளியில வாங்க!" எழுந்து போய்த் திறந்தேன். யாரும் இல்லை. காற்றாக இருக்கும். காற்றுக்கு மோதிரம் ஏது?

மார்ச் 11, செவ்வாய்

ஆய்வுக்கு அரசு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். வாசலிலேயே நின்று படங்களை எண்ணினார். "நாலு பேர், இருபது படுக்கை. சரியா இருக்கு." பிறகு சும்மா பேச்சுக்குத்தான், பெரிய சிஸ்டர் படத்தைக் காட்டி, "சிரிச்ச முகமா இருக்காங்களே, எங்க இவங்க?" என்றார்.

"வார்டுல இருக்காங்க" என்றேன்.

யோசிக்கவே இல்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் நின்ற சின்ன சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் போனபிறகு என்னிடம் வந்தாள். "பத்து படுக்கை பாக்குறேன் மேடம். அதுல அஞ்சு அவங்களோடது. போன வாரம் ரெண்டு நாள் ரெண்டு ஷிப்ட். அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பதான் தெரியுது."

பெரிய சிஸ்டரும் கடைசி நாளில் இரண்டு ஷிப்ட் பார்த்தார். வீட்டுக்குப் போய்ப் படுத்தார். காலையில் எழவில்லை. அந்த இரண்டாவது ஷிப்ட் யாருக்கும் வரக்கூடாது என்றுதானே இந்த விதியையே போட்டிருக்கிறார்கள்?

மார்ச் 12, புதன்

"இருந்தாங்க" என்று சொல்லவில்லை. "இருக்காங்க" என்றேன்.

மார்ச் 17, திங்கள்

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

மதியம் பெரிய சிஸ்டரின் கணவர் வந்தார், அலமாரியில் கிடக்கும் மனைவியின் பொருள்களை வாங்கிப்போக. நாங்கள்தான் வரச் சொல்லியிருந்தோம். பலகை வாசலில் இருப்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை! கண்ணாடி வழியே பார்த்தபோது அதன் முன்னால் அப்படியே நின்றிருந்தார். ஓடினேன்.

"அக்கா, இன்னைக்கு டூட்டின்னு போட்டிருக்கு."

பலகைக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"எத்தனை மணிக்கு முடியும்?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். இவர் தினமும் கேட்பது போலவே கேட்டார். "உள்ள வாங்க தம்பி" என்றேன். "ஆறு மணிதானே? நான் வெயிட் பண்றேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

முன்பெல்லாம் வாசலில் வண்டியோடு காத்திருப்பார். மனைவி வெளியே வருவதைக் கண்டதும் பின் சீட்டைக் கையால் துடைப்பார். "மகாராணிக்கு சிம்மாசனம் ரெடி" என்று நாங்கள் கேலி செய்வோம். இன்று டாக்டர் வந்து அவர் தோளைத் தொட்டார். உடனே உள்ளே போய்விட்டார்.

ஆறு அடித்தது. மூன்று படங்களை எடுத்தேன். நான்காவதற்குக் கை போகவில்லை. எடுத்தால் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்றல்லவா அர்த்தம்? பின்னால் வந்து நின்றார்.

"இன்னும் முடியலையாக்கா?"

படத்தை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுது முடித்து வெளியே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

இராத்திரி முழுக்கப் படம் பலகையிலேயே இருந்திருக்கிறது. செத்தவரிடமும் ஒரு ஷிப்ட் கூடுதலாக வாங்கிவிட்டோம்.

எடுத்தேன். திரும்பச் செருகவில்லை. டாக்டரிடம் போய், "ஆய்வு ஆபீஸ்ல உண்மையைச் சொல்லிடலாம் டாக்டர். புது ஆள் வர்ற வரைக்கும் அஞ்சு படுக்கையை மூடிடலாம்" என்றேன்.

"புது ஆளுக்கு இடமில்லன்னு சொன்னது உங்க பட்ஜெட்தானே?"

"ஒரு இடம் இருக்கு. அதை மட்டும் நான் தொடவே இல்ல."

எல்லாச் செலவுத் தலைப்பிலும் கத்தரி வைத்தவள், கணக்குப் பிரிவின் மேல் வைக்கவில்லை. அங்கே இருப்பது நான் ஒருத்திதான். நான் அரை நாள் வந்தால் போதும். மீதிச் சம்பளத்தோடு இன்னும் கொஞ்சம் ஒட்டுப்போட்டால் ஒரு நர்ஸ் வைக்கலாம். இதைச் சொன்னதும் டாக்டர் கேட்டார்: "யோசிச்சுதான் சொல்றீங்களா?"

யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

மார்ச் 20, வியாழன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "செஞ்சிட்டு வந்துதான் சொல்லுவியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள், கோபம் வரத்தான் செய்யும். படுக்கப் போகும்போது, "சரி விடு, மதியச் சாப்பாடாவது இனிமே வீட்டுல சூடா சாப்பிடுவ" என்றார்.

மார்ச் 24, திங்கள்

உண்மையைச் சொன்னதற்கு அபராதம். ஐந்து படுக்கைக்கும் துணி போர்த்தியாயிற்று. மூச்சுத் திணறலோடு வந்த ஒரு அம்மாவுக்கு முதலுதவி செய்து வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். "அங்க காலியாத்தானே கிடக்கு?" என்று அவர் மகன் கை நீட்டிக் கேட்டார். விதியைச் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. எனக்கே சொல்ல வாய் கூசியது. நல்லது செய்த நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

கதவில் தட்டு. சின்ன சிஸ்டர். டீ ஆறிப்போகிறதாம்.

ஏப்ரல் 3, வியாழன்

புது நர்ஸ் வந்துவிட்டாள். போர்த்திய துணிகளை அவளேதான் மடித்தாள். பலகையில் அவள் படத்தைச் செருகினேன். கண் சிமிட்டும்போது எடுத்த படம். மாற்றித் தரச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டாள்.

மதியம் பெரிய சிஸ்டரின் கணவர் வந்தார். நான்தான் கூப்பிட்டேன். பலகையை ஒருமுறை முழுக்கப் பார்த்தார். கைப்பையிலிருந்து பெரிய சிஸ்டர் படத்தை எடுத்து நீட்டினேன். உடனே வாங்கவில்லை.

"டூட்டி முடிஞ்சிருச்சாக்கா?"

"முடிஞ்சிருச்சு தம்பி. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வண்டியை எடுப்பதற்கு முன்னால் பின் சீட்டைக் கையால் துடைத்தார். தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அறையைப் பூட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன். இப்போதெல்லாம் எனக்கு மதியத்தோடு வேலை முடிந்துவிடுகிறது.